வேலனும் தோழியும்: மலையக இளைஞரிடையே பாலியற் சுகாதாரப் பணி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

குறிஞ்சித்திணைப் பாடல்களுள் வெறியாட்டு என வழங்கும் பொருளொன்று உண்டு. மகளின் மேனி வேறுபடுகிறது; உணவில் விருப்பின்றி மெலிகிறாள்; கைவளை நெகிழ்கிறது. தாய் அஞ்சுகிறாள். கட்டுவிச்சியை வினவுகிறாள், வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கிட்டுப் பார்த்து, இது முருகனால் வந்த வருத்தம் என்கிறான். மனை முற்றத்திற் களம் அமைக்கப்படுகிறது; மறி அறுக்கப்படுகிறது; அவன் வெறியயர்ந்து ஆடுகிறான். நோய்க்குக் காரணம் முருகனல்லன், மலைநாடன் ஒருவன்மீது அவள் கொண்ட காதலே என்பதை அவ்வீட்டில் அறிந்தவர் இருவரே. ஒருத்தி அப்பெண், மற்றையவள் அவளுடைய தோழி.

வேலனைப் போலி வைத்தியன் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. அம்மலையின் தெய்வங்களை அவன் அறிவான். தாயின் அச்சம் எத்தகையது, அவ்வச்சத்துக்கு எந்த மொழியில் விடை கூறவேண்டும் என்பதையும் அறிவான். ஊரவர் அவனை நம்புகின்றனர்; அவன் சொற்படி நடக்கின்றனர். இன்றைய சொல்லாற் கூறுவதாயின், தான் பணிபுரியும் சமூகத்தின் பண்பாட்டிற் குறைவற்ற தேர்ச்சி பெற்றவன் அவன். அவன் செய்யாதது ஒன்றே. தாயிடம் கேட்டான், கழங்கிடம் கேட்டான், தெய்வத்திடம் கேட்டான். அப்பெண்ணிடம் எதனையும் கேட்டானல்லன்.

செய்யுள் மரபொன்று இக்காலச் சுகாதாரப் பணியோடு எவ்வகையில் இயைபுடையது என்னும் ஐயம் எழுதல் இயல்பே. மருத்துவம், தாதியியல், சமூகசேவை ஆகிய துறைகளிற் கடந்த சில தசாப்தங்களாகப் பெரிதும் பேசப்பட்டுவரும் 'பண்பாட்டுத் தகைமை' என்னும் கருத்து, பணியாளரிடமிருந்து வேண்டிநிற்பது வேலனின் அறிவையா, தோழியின் அறிவையா என்பதே இங்கு ஆராயப்படும் வினா. ஒதுக்கப்பட்ட சமூகமொன்றின் இளைஞரது உடல், காதல், கருத்தடை, நோய் என்பன தொடர்பான பணியில் இவ்வினா மிகக் கூர்மையடைகிறது. இலங்கையில் இதனை ஆராய்வதற்கு மலையகத் தோட்டங்களைவிடப் பொருத்தமான களம் கிடைப்பதரிது.

முதலிற் கருத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் மடலின் லெய்னிங்கர் என்பார் மானிடவியலைத் தாதியியலோடு இணைத்து, பராமரிப்பு என்பது பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடும் என்று வற்புறுத்தினார். ஆதர் கிளைன்மன் 1980இல் வெளியிட்ட நூலில், நோய் பற்றி நோயாளியிடம் ஒரு விளக்கமும் வைத்தியரிடம் வேறொரு விளக்கமும் உள்ளன என்றும், வைத்தியரின் விளக்கமும் பண்பாட்டின் ஆக்கமே என்றும் காட்டினார். 1989இல் தெறி குறொஸும் அவருடைய சகாக்களும் சிறுபான்மையினச் சிறுவர்க்கான உளநலச் சேவைகள் பற்றி எழுதிய நூலின் பின்னர் 'பண்பாட்டுத் தகைமை' என்னும் தொடர் பரவலாயிற்று. இவ்வியக்கத்தின் நோக்கம் நன்றே. வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் பழக்கங்களை மனித இயல்பு எனக் கொண்டு ஏனையோரை அளந்த ஆணவத்தை அது எதிர்த்தது. எனினும் 'தகைமை' என்ற சொல்லிலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் நாட்டு வேலைவாய்ப்பு விளம்பரங்களிற் 'கல்வித் தகைமை' என்று அச்சிடப்படுவது போல, பெற்றுக்கொண்டு பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பத்திரம் என்னும் எண்ணத்தை அது தருகிறது. இரு நாட் பயிற்சி, ஒரு கைந்நூல், முடிவிற் சான்றிதழ்.

இதன் அபாயத்தை மெலனி ரேர்வலோன், ஜான் மறே-கார்சியா என்னும் இரு மருத்துவர்கள் 1998இல் எழுதிய கட்டுரையில் வரும் நிகழ்ச்சியொன்று தெளிவாகக் காட்டுகிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் லத்தீன் அமெரிக்க வழிவந்த நடுவயதுப் பெண் ஒருத்தி நோவால் முனகுகிறாள். அருகே நின்ற, அதே சமூகத்தைச் சேர்ந்த வைத்தியர் அவளுக்கு நோவு மிகுதி போலும் என்கிறார். ஆபிரிக்க அமெரிக்கரான தாதியோ அதனை ஏற்கவில்லை. பண்பாடுகளிடை மருத்துவம் பற்றிய பாடநெறியைத் தாம் கற்றிருப்பதாகவும், இச்சமூகத்தார் நோவை மிகைப்படுத்திக் கூறுவர் என்பது தமக்குத் தெரியும் எனவும் கூறிவிடுகிறார். தாதி தீயவரல்லர், அறியாதவருமல்லர். கற்ற அறிவே செவியை மூடிற்று. இதனாலேயே அவ்விரு மருத்துவரும் தகைமை என்ற சொல்லை விடுத்துப் 'பண்பாட்டுப் பணிவு' என்ற சொல்லைக் கையாண்டனர்.

இனி மலையகத்துக்கு வரலாம். தோட்டப்புற இளைஞரிடையே பாலியற் சுகாதாரம் பற்றிப் பேசச் செல்வோர்க்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் சொல்லிவைக்கப்படுவதுண்டு. அவர்கள் வெட்கம் மிக்கவர்கள், இவ்விடயங்களை வாய்திறந்து பேசார், கிளினிக்குக்கு வரமாட்டார்கள், கருத்தடை என்றால் ஐயுறுவர், 'அது அவர்களுடைய கலாசாரம்.' இப்பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அது தோன்றிய இடத்தில் வைத்து நோக்குதல் வேண்டும்.

வெட்கம் என்பதை எடுத்துக்கொள்வோம். பழைய லயத்துக் காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. தாய், தந்தை, பிள்ளைகள், சிலபோது மணமான மூத்த மகனும் மருமகளும் அதற்குள்ளேயே வாழ்ந்தனர். இன்றும் பலர் அவ்வாறே வாழ்கின்றனர். அடுத்த காம்பராவிற் பேசுவது இங்கே கேட்கும். உடை மாற்றுவதற்கும் மாதவிடாய்த் துணியை உலர்த்துவதற்கும் தனியிடம் இல்லை. இத்தகைய இடத்தில் வாழும் ஒரு பெண் தன் உடல் பற்றி உரத்துப் பேசாதிருப்பது பண்பாடா, சுவரின் தடிப்பா? கொழும்பிலே தனியறையிற் படுத்துறங்கும் மாணவியின் பேச்சுச் சுதந்திரத்துக்கும் அவ்வறைக்கும் உள்ள தொடர்பு ஒருபோதும் கலாசாரம் எனக் குறிக்கப்படுவதில்லை.

கிளினிக்குக்கு வராமையும் இவ்வாறானதே. கிளினிக் நடப்பது வேலைநாளின் முற்பகலில். காலையிற் பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து மலையேறியவள் இடையில் இறங்கி வந்தால் அன்று அரைப்பேர்தான். தோட்டத்து டிஸ்பென்சரி நெடுங்காலம் நிருவாகத்தின் ஓர் உறுப்பாகவே இயங்கியது; அங்கு சொல்லப்பட்டது துரையின் அலுவலகத்துக்கும் எட்டும் என்ற எண்ணம் தொழிலாளரிடம் இருந்ததெனின் அதனை மூடநம்பிக்கை எனல் ஆகாது. அரசாங்கத்தின் சுகாதாரப் பிரிவு முறை 1926இற் களுத்துறையில் தொடங்கி நாடெங்கும் விரிந்தபோதும், தோட்டங்கள் அதற்குப் புறம்பான தனித் தீவுகளாகவே நெடுங்காலம் விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் வழித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே இந்நிலை சிறிது சிறிதாக மாறத் தொடங்கிற்று. இன்று குடும்ப சுகாதார உத்தியோகத்தர் தோட்டங்களுக்கும் செல்கிறார். ஆயின் அவருக்குத் தமிழ் தெரியாத இடங்கள் பல. பெண்ணொருத்தி தன் மாதவிடாய் பற்றிக் கூறுவதை அவளுடைய தம்பியோ கணக்கப்பிள்ளையோ மொழிபெயர்க்க நேரும்போது அவள் மௌனமாகிவிடுவது எந்த இனத்தவர்க்கும் பொதுவான மனித இயல்பு.

கருத்தடை பற்றிய ஐயம் சற்று விரிவாக நோக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இச்சமூகத்தின் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 525,000, 300,000 என இரு அரசுகளுக்கிடையிற் பங்கிட்டது. 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. ஒரு மக்கட்கூட்டம் தலைக்கணக்காக மட்டும் பேசப்பட்ட காலம் அது. அக்கணக்கு முடியுமுன்னரே, 1980இல், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோர்க்கு அரசாங்கம் முதலில் 100 ரூபாவும் அவ்வாண்டிலேயே பின்னர் 500 ரூபாவும் கொடுப்பனவு வழங்கத் தொடங்கிற்று. நாடு முழுவதற்கும் பொதுவான திட்டமே அது. எனினும் அன்றைய நாட்கூலியில் வாழ்ந்தவர்க்கு அத்தொகையின் பொருள் கொழும்பு உத்தியோகத்தர் ஒருவர்க்கு இருந்ததனின்றும் வேறானது. நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் விகிதம் தோட்டத்துறையிலேயே மிக உயர்ந்து காணப்பட்டமை தேசிய அளவீடுகள் பலவற்றிலும் வெளிப்பட்டது. தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளிற் கைந்நாட்டு வைத்ததாகவும், வேறு முறைகள் தமக்குச் சொல்லப்படவில்லை என்றும் பெண்கள் கூறிய முறைப்பாடுகளை மனித உரிமைப் பணியாளர் எடுத்துரைத்தனர்.

அன்று சத்திரசிகிச்சை செய்துகொண்டவளின் பேத்திக்கு இன்று பதினேழு வயது. 'ஊசி போட்டால் பிறகு பிள்ளை தங்காது' என்று பாட்டி அவளிடம் கூறுவாளாயின், மருத்துவ நோக்கில் அது பிழை. டெப்போ ஊசியை நிறுத்திய சில மாதங்களில் கருத்தரித்தல் மீளும். வரலாற்று நோக்கில் அது பிழையன்று. அது நினைவு. பாட்டியின் கூற்றைக் கலாசாரம் எனக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் பணியாளர், தாம் பிரதிநிதித்துவம் செய்யும் நிறுவனத்தின் பழஞ்செயலை அவளுடைய குணமாக மாற்றி எழுதிவிடுகிறார். திருத்தப்பட வேண்டியது எவரது பக்கத்தில் உள்ளது என்பதே இதனால் தலைகீழாகிவிடுகிறது.

ஆகவே பண்பாடு என்று ஒன்றில்லை, எல்லாம் கூலியும் லயமும் அரசியலுமே எனக் கூறிவிடலாமா? பல்கலைக்கழகச் சூழலில் இம்முடிவு விரைவிற் கைதட்டல் பெறும். ஆயினும் அது உண்மையிற் பாதியே. பண்பாடு உண்டு. அது கைந்நூற் பட்டியலிலும் பன்மடங்கு சிக்கலானது.

பூப்புச் சடங்கினை நோக்குக. பாலியல் பற்றிப் பேசாத சமூகம் எனப்படும் இதே சமூகத்தில், ஒரு சிறுமியின் உடல் முதிர்ந்த செய்தி பந்தலிட்டு, ஒலிபெருக்கி கட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவர ஊரறிய முழக்கப்படுகிறது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்று அச்சடித்த அழைப்பிதழும் நிழற்படத் தொகுப்பும் உண்டு. இவ்வளவு பெரிய அறிவிப்பில், அறிவிக்கப்படும் சிறுமிக்கு மட்டும் எதுவும் அறிவிக்கப்படுவதில்லை. தன் உடலில் நிகழ்ந்தது யாது, இனி நிகழக்கூடியது யாது என்று அவளுக்கு எவரும் கூறார். எனவே இச்சமூகம் பாலியல் குறித்து மௌனமானது எனல் பிழை. பேசுவதற்கு உரிமையுடையோர் யாவர், எவரை முன்னிறுத்தி, எந்த வடிவிற் பேசலாம் என்பதை அது வகுத்து வைத்திருக்கிறது. மாமன், மச்சான், மச்சாள் முறையினரிடையே கேலிக்கு இடமுண்டு. கொழுந்து மலையிற் பெண்கள் தனித்து நிற்கும்போது எழும் பேச்சும் சிரிப்பும் எந்தச் சுகாதார விரிவுரையையும் வெட்கமுறச் செய்யும். மணமான பெண் பேசலாம். மணமாகாதவள் கேட்டும் கேளாதவள் போல இருக்கவேண்டும். இவ்வாய்க்கால்களை அறியாத பணியாளர் மண்டபத்தில் இருபாலாரையும் ஒருங்கமர்த்திப் படங்காட்டி, 'ஏதும் கேள்வி உண்டா?' என்று வினவி, எவரும் வினவாமையால் யாவர்க்கும் விளங்கிற்று என எழுதிச் செல்வார்.

சொற்களின் நிலையும் இத்தகையதே. பாடநூலில் உள்ள சொற்கள் வடமொழி வழிவந்தவை, வாயில் வாரா. தெருவில் உள்ளவை வசைச் சொற்கள். வைத்தியர் முன் வாரா. நடுவே உள்ளவை மறைமொழிகள். 'வெள்ளை படுது', 'உடம்பு சூடு', 'இடுப்பு வலி' எனப் பெண்கள் கூறுவனவற்றுள் தொற்றுநோயும் இருக்கலாம். வேலைப் பளுவும் அச்சமும் சொல்லமுடியாத துன்பமும் இருக்கலாம். இளைஞரோ 'தாது' போகிறது, உடல் தேய்கிறது என்பர். இந்திய உளமருத்துவர் என். என். விக் 1960இல் இதனைத் தனியொரு நோய்க்குறித் தொகுதியாக விவரித்தார். விந்து வெளியேறுவதால் உடல் தேயாது என்று ஒரே வசனத்திற் கூறி இளைஞனை அனுப்பிவிடலாம். அவனோ ஆண்மைக்குறைவுக்கு மருந்து என்று பத்திரிகையில் விளம்பரம் செய்பவரிடம் செல்வான். ஏனெனில் அவர் அரைமணி நேரமாவது அவன் கூறுவதைக் கேட்கிறார்.

இனி, மிகக் கடினமான வினா எழுகிறது. பண்பாட்டை மதித்தல் வேண்டும் என்கிறோம், யாருடைய பண்பாட்டை? பணியாளர் தோட்டத்துக்குச் சென்று 'உங்கள் வழக்கம் யாது?' என்று வினவின், விடை கூற முன்வருவோர் கோயிற் குழுவினர், தொழிற்சங்கத் தலைவர், மூத்த ஆண்கள். நம் பெண்பிள்ளைகள் அப்படிப்பட்டவர்களல்லர், திருமணத்துக்கு முன் இவையெல்லாம் தேவையில்லை என்று அவர்கள் கூறுவர். அதனைச் சமூகத்தின் குரலெனக் கொண்டு மணமாகாதோர்க்கு எதுவும் கூறாது திரும்பும் பணியாளர், பண்பாட்டுக்கு மதிப்பளித்தவராகத் தம்மைக் கருதக்கூடும். உண்மையில் அச்சமூகத்தினுள் நிகழும் ஒரு வழக்கில் ஒரு தரப்பாரின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதியவரே அவர். பதினேழு வயதுப் பெண்ணும் அப்பண்பாட்டினள்தான். அவள் நினைப்பதும் அஞ்சுவதும் அதன் பகுதியே. ஆயின் அவளை எவரும் பண்பாட்டின் பிரதிநிதியாக அழைப்பதில்லை.

அரச பொறிமுறையும் அவளைக் காண்பதில்லை. குடும்ப சுகாதார உத்தியோகத்தரின் அடிப்படைப் பதிவேடு, பெயருக்கேற்பக் குடும்பத்தைச் சுற்றி அமைந்தது. கருத்தரித்த மணமான பெண்ணை இந்நாடு வியக்கத்தக்க வகையில் சென்றடைகிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்று வழங்கியது. ஏறக்குறைய எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிக்கும் ஆற்றலின் விளைவு அது. அதே ஆற்றல் மணமாகாத பெண்ணின் வாசலில் நின்றுவிடுகிறது. சட்டமும் ஒரு வெளியை விட்டுவைத்துள்ளது. 1995இன் திருத்தங்களின்படி பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது 16; பொதுச் சட்டத்தின் கீழ்த் திருமண வயது 18. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவளுடைய உறவு குற்றமுமன்று, மணமாகவும் முடியாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையோ தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிக்கவில்லை. அதே கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலினத்தாரை விரும்பும் இளைஞரைக் குற்றவாளிகளாக நிறுத்தின. 1995இன் திருத்தம் இதனை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களுக்கும் விரித்தது. இப்பிரிவுகளைத் திருத்த முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர்நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. தோட்டத்தைவிட்டுக் கட்டுநாயக்காவுக்குப் போனாலும் பெண்ணுக்குப் பெயர் மாறுகிறதேயன்றி நிலை மாறுவதில்லை. 1978இல் அங்கு உருவான சுதந்திர வர்த்தக வலயத்தின் பெண் தொழிலாளரை, அவர்கள் இயக்கிய தையல் இயந்திரத்தின் பெயரைச் சேர்த்தே 'ஜுகிப் பெண்கள்' என்று நாடு எள்ளியது.

இவ்விடத்து ஒரு சாரார் எளிய தீர்வொன்றைக் கூறுவர். பண்பாட்டை விடுங்கள், அவள் ஒரு தனிமனிதர், அவளுக்குரிய உரிமையை அவளிடம் கொடுங்கள், குடும்பம் எதிர்ப்பின் எதிர்க்கட்டும். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1985இல் கிலிக் வழக்கில் அளித்த தீர்ப்பு இத்திசையிலான ஒரு முக்கிய நிலை. பதினாறு வயதுக்குட்பட்டவளாயினும், விடயத்தை விளங்கிக்கொள்ளும் ஆற்றலுடையவளாயின் பெற்றோரறியாது வைத்திய ஆலோசனை பெறலாம் என அது வகுத்தது. வயதை விடுத்து விளக்கத்தை அளவுகோலாக்கியமை அதன் சிறப்பு. இக்கொள்கையை மறுப்பதற்கில்லை. ஆயின் உரிமையை வழங்கிய பணியாளர் மாலை பஸ்ஸில் நகரத்துக்குத் திரும்பிவிடுவார். அப்பெண் லயத்துக்குத் திரும்புவாள். அவளுடைய பையில் மாத்திரை அட்டை கண்டெடுக்கப்படும் இரவில் அவளோடு இருக்கப்போவது உரிமை பற்றிய பிரகடனமன்று. தாயும், அண்ணனும், சுவருக்கு அப்பாலுள்ள காதுகளுமே. அவளைத் தனிமனிதராகக் கருதுவது வேறு, அவளைத் தனியளாக்கி விடுவது வேறு.

இவ்விரு வழிகளுக்கும் இடையே வேறொரு நெறி தமிழ் அகமரபில் உள்ளது. வெறியாட்டுக் களத்தில் தோழி என் செய்கிறாள் என்பது கவனிக்கற்பாலது. அவள் வேலனைப்போல் தாயின் அச்சத்துக்கு விடைகூற முற்படுபவளல்லள்; தாயைப் புறக்கணித்துத் தலைவியோடு ஓடுபவளுமல்லள். களவுக் காலம் முழுவதும் அவள் மறையைக் காக்கிறாள். மறைத்தலால் தலைவிக்குத் தீங்கு நேரும் என்ற நிலை வந்தபின்னரே செவிலிக்கு வெளிப்படுத்துகிறாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையர்க்கும் உணர்த்துவர். இதற்கு இலக்கணிகள் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். தொல்காப்பியம் இதனை ஏழு வகையாகப் பகுக்கிறது. உள்ளதை உள்ளவாறே கூறுவது அவற்றுள் ஒன்று மட்டுமே. ஏனையவை கேட்பவரின் மனத்தை அறிந்து பதப்படுத்தும் வழிகள். தேவை உற்றவிடத்தன்றி வெளியிடுதல் இல்லை என்பதும், தலைவியின் உள்ளக்கிடக்கையை அறிந்தே அது நிகழும் என்பதும் அம்மரபின் வரம்புகள். இரகசியம் காத்தல் என்பதை 'சொல்லாதே' என்னும் ஒற்றை விதியாகவே மருத்துவ ஒழுக்கவியல் பெரும்பாலும் கற்பிக்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வழியாக, எவருடைய விருப்பின் பேரில் சொல்லப்படவேண்டும் என்பதைப் பழைய அக இலக்கணம் இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருப்பது வியப்புக்குரியது.

ஒப்புமையின் எல்லையையும் கூறல் வேண்டும். தேயிலை மலை நிலத்தாற் குறிஞ்சியே ஆயினும், அங்கு வாழ்பவள் புனங்காக்கும் செய்யுட்டலைவியல்லள். நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவள். தோழியும் புலவர் படைத்த மாந்தரே. களவு கற்பாக முடியும் என்ற உறுதி செய்யுளுக்கு உண்டு, லயத்துக்கு இல்லை. கைவிட்டுப் போனவனை, வல்லுறவு கொண்டவனை, மணமானவனை அம்மரபு எதிர்கொள்ளவேண்டியிருக்கவில்லை. அறத்தொடு நிற்றலின் முடிவு எப்போதும் திருமணமே என்பதால், மணத்தை நாடாத பெண்ணுக்கு அதன் வாயில் மூடியே கிடக்கிறது. எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் முடிவன்று. அறிவு எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது குறித்து அது கொண்டிருந்த தெளிவே. வேலனுக்குத் தெரிந்தவை யாவும் தோழிக்கும் தெரியும். அவளும் அதே ஊரினள், அதே தெய்வத்தை வணங்குபவள். அவளிடம் மேலதிகமாக இருந்தது தலைவியின் சொல்.

நியூசிலாந்தின் மாவோரி தாதியான இரிகபெற்றி றம்ஸ்டன் 1980களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்த 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்னும் கோட்பாடு இதற்கு மிக அணுக்கமானது. தாதி பிறரது வழக்கங்களை மனனஞ் செய்யவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தன் அதிகாரத்தையும், தன் நிறுவனம் அம்மக்களுக்கு இழைத்த வரலாற்றையும் அவள் அறியவேண்டும் என்றார். பராமரிப்புப் பாதுகாப்பானதாக இருந்ததா என்று தீர்ப்பளிக்கும் உரிமையைப் பராமரிக்கப்படுபவரிடமே ஒப்படைத்தார். அந்நாட்டுத் தாதியர் பேரவை 1992இல் இதனைக் கல்விநெறியின் பகுதியாக்கியது. இதன் வழி நோக்கின் தகைமைச் சான்றிதழிற் கையொப்பமிட வேண்டியவர் பயிற்சி அதிகாரியல்லர். பதினேழு வயதுப் பெண். அவளிடம் பேனா இல்லை. அவள் அளிக்கும் தீர்ப்பு, மீண்டும் வருவதும் வராமையுமே. வராதவர்களின் எண்ணிக்கையைக் கலாசாரத் தடை என்னும் தலைப்பின் கீழ் எழுதும் வழக்கம் நிற்காதவரை அத்தீர்ப்பை எவரும் வாசிக்கப் போவதில்லை.

இறுதியாக ஓர் இடர்ப்பாடு. அப்பெண்ணின் சொல்லையே கேட்கவேண்டும் என்றால், அவளுடைய சொல் அவளைத் தாழ்த்தும் பண்பாட்டினாலேயே உருவாகியிருக்கும்போது செய்யத்தக்கது யாது? தன்னை வற்புறுத்தியவனையே மணந்தால் 'கெட்டுப்போன' பெயர் நீங்கும் என்று அவள் வேண்டுவாளாயின்? தனக்கு மருந்து வேண்டாம், செய்தி தாய்க்குப் போகாதிருந்தாற் போதும் என்பாளாயின்? அவளுடைய விருப்பத்தை அப்படியே ஏற்பது கேட்டலின் பெயரால் அவளைக் கைவிடுவதாகலாம். அது உன் விருப்பமன்று, உன்மீது சுமத்தப்பட்டது என்று கூறுவதோ வேலனின் வேலை; அவனும் அவள் வாயாற் கூறாததை அவளுக்காகக் கூறினான். அவள் பதினெட்டு வயதுக்குட்பட்டு வன்முறைக்கு ஆளானவளாயின், மறையைக் காப்பதாக வாக்களிக்கும் உரிமை பணியாளருக்கே இல்லை. அதனை முதற் பேச்சிலேயே அவளிடம் கூறிவிடுதல் வேண்டும், அதனால் அவள் எழுந்து போய்விடக்கூடும் எனினும். ஏனைய நிலைகளில், அவள் முதலிற் கூறுவதே அவளுடைய முடிந்த முடிபு எனக் கொள்ளவேண்டிய அவசியமில்லை. செய்யுளிலும் தலைவி ஒரே நாளில் எல்லாவற்றையும் கூறிவிடுவதில்லை. தோழி குறிப்பறிந்தும், பொய்யுரைத்துப் பார்த்தும், காத்திருந்துமே அறிகிறாள். அதற்கு நாட்கள் வேண்டும்; அடுத்த மாதமும் அதே ஆள் வரவேண்டும்; அவளுடைய மொழியிற் பேசவேண்டும்; கொழுந்து நிறுத்து முடிந்த பின்னரும் கிளினிக்கின் கதவு திறந்திருக்கவேண்டும்.